617 இலக்கப் பூட்டு எத்தனை ஆண்டு தாங்கும்?

ஆதார் அட்டையில் அச்சிடப்பட்டுள்ள கியூ.ஆர். குறியீட்டைச் சாதாரணச் செயலி ஒன்றால் படித்துப் பார்த்தால் பெயரோ முகவரியோ தெரிவதில்லை. பல ஆயிரம் இலக்கங்கள் கொண்ட ஒரே ஒரு முழு எண்தான் திரையில் நீண்டு கிடக்கும். 2018இல் அறிமுகமான பாதுகாப்பு கியூ.ஆர். முறை அது. அந்தப் பேரெண்ணை உரிய முறையில் விரித்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி, சிறியதொரு நிழற்படம் ஆகியவை கிடைக்கும். இறுதியில் 256 பைட்டுகள் எஞ்சும். அவைதாம் ஆதார் ஆணையத்தின் மின்னணுக் கையொப்பம். அந்தக் கையொப்பத்தையும் ஓர் எண்ணாக எழுதிவிடலாம். எழுதினால் 617 இலக்கங்கள் வரை நீளும்.

பன்னிரண்டு இலக்க ஆதார் எண்ணையே நாம் பெரிதாகப் பாதுகாக்கிறோம். ஆனால், அந்தப் பன்னிரண்டு இலக்கங்கள் எதையும் பூட்டுவதில்லை. அவற்றில் கடைசி இலக்கம், தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க உதவும் சரிபார்ப்பு இலக்கம். அட்டையில் உள்ள விவரம் திருத்தப்படவில்லை என்பதற்குச் சாட்சி சொல்வது அந்த நீண்ட கையொப்பமே. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, வருமான வரிக் கணக்கு, நிறுவனங்களின் ஒப்பந்தப்புள்ளி என அரசுடன் நாம் இணையவழியில் நடத்தும் கொடுக்கல் வாங்கல்களில் பெரும்பகுதி இவ்வகைக் கையொப்பங்களை நம்பியே நடக்கிறது.

அந்தப் பூட்டுகளுக்கு இப்போது ஓய்வுக் காலம் குறிக்கப்பட்டுவருகிறது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2024 ஆகஸ்டில் மாற்றுப் பூட்டுகளுக்கான மூன்று தரநிலைகளை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான அதன் வரைவு ஆவணம், 617 இலக்க எண்ணை நம்பியுள்ள முறையை 2030க்குப் பிறகு கைவிடத் தொடங்க வேண்டும் என்றும், 2035க்குப் பிறகு அனுமதிக்கலாகாது என்றும் கூறுகிறது. பிரிட்டன் 2025 மார்ச்சில் 2028, 2031, 2035 என மூன்று கட்டங்களாகக் காலவரையறை வகுத்துக்கொண்டது.

நம் நாட்டில் குவாண்டம் கணினியை உருவாக்குவது பற்றிய பேச்சு உரக்கக் கேட்கிறது. பழைய பூட்டுகளை எந்த வரிசையில் மாற்றுவது என்ற பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை. வங்கிகள், பங்குச் சந்தை, பணப் பரிவர்த்தனை ஆகியவற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்று பலரும் இயல்பாக எண்ணுகின்றனர். நான் இதிலிருந்து வேறுபடுகிறேன். பூட்டப்பட்ட பொருள் எத்தனை ஆண்டு காக்கப்பட வேண்டும் என்பதே வரிசையைத் தீர்மானிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முதலிடம் நில ஆவணங்களுக்கும் குடிமக்களின் உடல் அடையாளங்களுக்கும் உரியது.

எண்ணுக்குள் இருக்கும் ரகசியம்

இந்தப் பூட்டின் தத்துவம் பள்ளிக் கணக்கில் அடங்கிவிடும். 89, 97 ஆகிய இரண்டும் பகா எண்கள். இரண்டையும் பெருக்கினால் 8,633. பெருக்கல் அரை நிமிட வேலை. ஆனால், 8,633 என்ற எண்ணை மட்டும் கொடுத்து அதன் காரணிகளைக் கேட்டால், ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். எண் பெரிதாகப் பெரிதாக, முன்செல்லும் வழிக்கும் திரும்பிவரும் வழிக்கும் இடையிலான தூரம் மலைக்கவைக்கும் அளவுக்கு வளர்கிறது. 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் ஆகிய மூவரும் இந்தத் தூரத்தையே பூட்டாக்கினர். மூவர் பெயரின் முதல் எழுத்துகளால் அது ஆர்.எஸ்.ஏ. முறை எனப்பட்டது. சுமார் 309 இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் வரும் 617 இலக்க எண்ணை ஊரறிய அறிவித்துவிடலாம். அதன் காரணிகளை அறிந்தவர் மட்டுமே கையொப்பமிட முடியும். அந்தக் கையொப்பம் உண்மையா என்பதை யாரும் சரிபார்க்கலாம்.

இந்த எண் எவ்வளவு அசாதாரணமானது என்பதை நமக்குச் சொல்லித் தந்தவர்களில் ஒருவர் கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய இராமானுஜன். ஒரு பெரிய எண்ணுக்குப் பொதுவாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்ற கேள்விக்கு அவரும் ஹார்டியும் 1917இல் விடை கண்டனர். எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதற்கு மீண்டும் மடக்கை எடுத்தால் கிடைப்பதே அந்தச் சராசரி அளவு. 617 இலக்க எண்களுக்கு அது ஏறத்தாழ 7. அதாவது, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் 617 இலக்க எண்ணுக்கு ஏழெட்டுப் பகாக் காரணிகள் இருக்கும். அவற்றில் சில மிகச் சிறியவையாகவும் இருக்கும். நம் கையொப்பங்களைக் காக்கும் எண்ணுக்கோ இரண்டே காரணிகள். இரண்டும் மிகப் பெரியவை. எண்களின் கூட்டத்தில் அது அரிதிலும் அரிதானது.

அத்தகைய எண்ணை உருவாக்குவது கடினமன்று என்பதுதான் வியப்பு. 309 இலக்க அளவில் சராசரியாக 710 எண்களுக்கு ஒன்று பகா எண். இரட்டை எண்களை ஒதுக்கிவிட்டால் 355 முறை முயன்றால் ஒன்று கிடைத்துவிடும். ஓர் எண் பகா எண்ணா, இல்லையா என்று சோதிக்கக் காரணிகளைத் தேட வேண்டியதில்லை. எந்த எண்ணுக்கும் ஐயத்துக்கு இடமின்றி, நியாயமான கால அளவில் இதைச் சோதிக்க முடியும் என்று 2002 ஆகஸ்டில் நிறுவியவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. ஆக, ஓர் எண்ணுக்குக் காரணி உண்டா என்று விரைந்து சொல்லிவிடலாம். உண்டென்றால் அவை எவை என்று சொல்ல முடிவதில்லை. இந்த இடைவெளியில்தான் நம் மின்னணு ஆட்சிமுறை நின்றுகொண்டிருக்கிறது.

இந்த இடைவெளி நிரந்தரமானது என்று இதுவரை யாரும் நிறுவவில்லை. 1977இல் 129 இலக்க எண் ஒன்று சவாலாக அறிவிக்கப்பட்டது; கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கும் என்று எண்ணப்பட்டது. 17 ஆண்டுகளே தாங்கியது. 1994 ஏப்ரலில் சுமார் 600 தன்னார்வலர்கள் இணையத்தின் வழியே சேர்ந்து அதைப் பிரித்துவிட்டனர். 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் பிரிக்கப்பட்டது. இன்றுள்ள கணினிகளைக் கொண்டு 617 இலக்க எண்ணை நெருங்க முடியாது என்பதே வல்லுநர்களின் ஒருமித்த கருத்து. எனவே, இன்று அச்சப்படக் காரணமில்லை. ஆனால், பூட்டின் வலிமையைப் பற்றிய கணிப்புகள் எப்போதும் அந்தந்தக் காலத்துக் கணிப்புகளே என்பதை மறந்துவிடக் கூடாது.

எஸ்தோனியா கற்ற பாடம்

கணினி வலிமை பெருகும்வரை காத்திராமலேயே இந்தப் பூட்டு உடைந்த சம்பவங்கள் உண்டு. இரண்டு வெவ்வேறு பூட்டுகளுக்கு ஒரே பகா எண்ணைப் பயன்படுத்திவிட்டால் என்ன ஆகும்? 8,633 என்ற எண்ணுடன் 8,989 என்ற எண்ணும் கையில் இருப்பதாகக் கொள்வோம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 356. 8,633ஐ 356ஆல் வகுத்தால் மீதி 89. 356ஐ 89ஆல் வகுத்தால் மீதி இல்லை. இரண்டு எண்களுக்கும் பொதுவான காரணி 89 என்று மூன்றே படிகளில் தெரிந்துவிட்டது. இரண்டு பூட்டுகளும் திறந்துகொண்டன. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் படிக்கும் யூக்ளிடின் வழிமுறையே இது. 617 இலக்க எண்களுக்கும் இதை நொடியில் செய்துவிடலாம். 2012இல் ஆய்வாளர்கள் இணையத்திலிருந்து திரட்டிய பல லட்சம் பூட்டெண்களை இவ்வாறு ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, ஆயிரத்துக்கு இரண்டு வீதம் திறந்துகொண்டன. பகா எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய கருவிகள் அரைகுறையாகத் தேர்ந்தெடுத்ததே காரணம்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி 2017இல் வந்தது. ஜெர்மனியின் இன்ஃபினியான் நிறுவனத்தின் சில்லுகளில் இருந்த மென்பொருள், பகா எண்களை விரைவாக உருவாக்குவதற்காக ஒரு குறிப்பிட்ட வாய்பாட்டுக்குள் அடங்கும் எண்களையே தேர்ந்தெடுத்துவந்தது. அந்த எண்கள் பகா எண்கள்தாம், பெரியவைதாம். ஆனால், அவற்றுக்கு ஒரு குடும்பச் சாயல் இருந்தது. செக் குடியரசின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் சாயலைக் கண்டுபிடித்தபோது, தேடவேண்டிய பரப்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சில்லுகளைத் தன் குடிமக்களின் அடையாள அட்டைகளில் பதித்திருந்த எஸ்தோனியா, 2017 நவம்பரில் சுமார் 7.6 லட்சம் அட்டைகளின் மின்னணுச் சான்றிதழ்களை நிறுத்திவைத்தது. அந்நாட்டின் மக்கள்தொகையே 13 லட்சம்தான்.

எஸ்தோனியா எப்படி மீண்டது என்பது நமக்கு முக்கியமானது. எந்த அட்டையில் எந்தச் சில்லு, எந்தப் பூட்டு என்ற முழுப் பட்டியல் அந்நாட்டு அரசிடம் இருந்தது. அட்டையை மாற்றாமலேயே, அதே சில்லில் வேறொரு கணித முறைக்கு மாறும் வசதியும் இருந்தது. பெரும்பாலான குடிமக்கள் வீட்டிலிருந்தபடியே புதுப்பித்துக்கொண்டனர். பட்டியலும் மாற்று வழியும் முன்கூட்டியே இருந்ததால் ஒரு பேரிடர் நிர்வாகச் சிக்கலாகச் சுருங்கியது. 130 கோடிக்கும் அதிகமானோருக்கு அடையாள எண் வழங்கியுள்ள நாம், இந்த இரண்டிலும் எங்கே நிற்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆவர்த்தனத்தைப் பிடிக்கும் கணினி

குவாண்டம் கணினி ஏன் அச்சுறுத்தலாகிறது? 15 என்ற சிறிய எண்ணை எடுத்துக்கொள்வோம். 2இன் அடுக்குகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் 15ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் 1, 2, 4, 8, மீண்டும் 1, 2, 4, 8 என்று சுழன்றுவரும். தாளத்தின் ஆவர்த்தனம்போல, நான்கு எண்களுக்கு ஒருமுறை சுற்று முடிகிறது. அந்தச் சுற்றின் பாதி இரண்டு. 2இன் இரண்டாம் அடுக்கு 4. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3, ஒன்றைக் கூட்டினால் 5. இவையே 15இன் காரணிகள். ஆவர்த்தனத்தின் நீளம் தெரிந்தால் காரணிகள் கைக்கு வந்துவிடும். 617 இலக்க எண்ணுக்கு ஆவர்த்தனமும் கற்பனைக்கு எட்டாத நீளத்தில் இருப்பதால் சாதாரணக் கணினியால் அதைப் பிடிக்க முடிவதில்லை. குவாண்டம் கணினியின் இயல்பு இத்தகைய சுழற்சியைப் பிடிப்பதற்கு ஏற்றது என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார்.

அத்தகைய கணினி இன்று இல்லை. 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த வில்லோ சில்லில் 105 கியூபிட்டுகளே உள்ளன. 617 இலக்க எண்ணை எட்டு மணி நேரத்தில் பிரிக்க இரண்டு கோடி கியூபிட்டுகள் தேவை என்பது 2019இல் வெளியான மதிப்பீடு. அதே மதிப்பீட்டாளர்களில் ஒருவரான கிரெய்க் கிட்னி 2025 மே மாதத்தில் அதைத் திருத்தினார்: பத்து லட்சத்துக்கும் குறைவான கியூபிட்டுகள், ஒரு வாரத்துக்கும் குறைவான காலம் போதும் என்றார். கணினி வளர்ந்து மேலே செல்கிறது. அது எட்டவேண்டிய உயரமும் ஆறே ஆண்டுகளில் இருபதில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. இரண்டும் எப்போது சந்திக்கும் என்று அறுதியிட்டுச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

ஊடகங்களின் பரபரப்பையும் நம்ப வேண்டியதில்லை. ‘ராணுவத் தரப் பூட்டுகளைச் சீனா உடைத்துவிட்டது’ என்று 2024 அக்டோபரில் உலகெங்கும் தலைப்புகள் வந்தன. ஷாங்காய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உண்மையில் பிரித்தது 22 பிட் எண்ணை. ஏழு இலக்கங்களுக்குள் அடங்கும் அதைப் பள்ளி மாணவர் ஒருவர் கையடக்கக் கணக்கியின் துணையோடு பிரித்துவிடலாம். வீண் அச்சமும் வீண் அலட்சியமும் ஒரே விளைவைத் தருகின்றன. செய்யவேண்டிய வேலை ஒத்திப்போடப்படுகிறது.

பொம்மையார்பாளையத்தின் இரண்டு கணக்குகள்

எந்த வேலை முதலில் என்பதை ஒரு ஊரை முன்வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி எல்லையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள மீனவ ஊர் பொம்மையார்பாளையம். சாலையோரம் மீன் விற்கும் பெண்களிடமும் இன்று கியூ.ஆர். அட்டை இருக்கிறது. முந்நூறு ரூபாய்க்கு மீன் வாங்கியவர் பணம் அனுப்பியதும் சிறிய ஒலிப்பெட்டி அதை அறிவிக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியா முழுவதும் யு.பி.ஐ. வழியே ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் நடந்தன. அவற்றில் ஒன்றான இந்த முந்நூறு ரூபாய்க்குப் பூட்டு தேவைப்படுவது சில நொடிகளுக்குத்தான். பணம் கணக்கில் சேர்ந்துவிட்ட பிறகு, 2040இல் ஒருவர் அந்தத் தகவலைத் திறந்து படித்தால் மீன் விற்றவருக்குப் பெரிய இழப்பில்லை. வங்கிகளிடம் பணமும் ஆளும் உண்டு. ஆபத்து நெருங்கும்போது தங்கள் பூட்டுகளை அவை விரைவாகவே மாற்றிக்கொள்ளும்.

அதே பெண்ணின் இன்னொரு கணக்கு வேறுவிதமானது. அவருடைய விரல்ரேகை நியாயவிலைக் கடையிலும், கைபேசி இணைப்பு வாங்கிய கடையிலும் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. ஆதார் சரிபார்ப்பின்போது அந்த ரேகைத் தகவல் ஒரு சாவியால் பூட்டப்படுகிறது. அந்தச் சாவி, ஆணையத்தின் 617 இலக்கப் பொது எண்ணைக் கொண்டு மீண்டும் பூட்டப்பட்டு அனுப்பப்படுகிறது. இடைவழியில் இதைப் பதிவுசெய்து வைத்துக்கொள்பவர் இன்று எதையும் படிக்க முடியாது. ஆனால் காத்திருக்க முடியும். ‘இன்று சேகரி, நாளை திற’ என்பது உளவு அமைப்புகளின் உத்தியாகப் பல நாடுகளின் பாதுகாப்பு நிறுவனங்களே எச்சரித்துவருகின்றன. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரல்ரேகையை மாற்றிக்கொள்ள வழியில்லை. அது ஒருவரின் ஆயுள்வரை காக்கப்பட வேண்டிய பொருள்.

மூன்றாவதாக அவருடைய வீட்டுமனை. புதுச்சேரித் துறைமுகக் கட்டுமானத்துக்குப் பிறகு அதற்கு வடக்கேயுள்ள கடற்கரை ஊர்கள் கடல் அரிப்புக்கு ஆளாயின. பொம்மையார்பாளையமும் அவற்றில் ஒன்று. நான் அங்கே பேசியவர்களுள் ஒரு மூதாட்டி, தம் வீட்டுப் பத்திரத்தை மெழுகுத் தாளில் சுற்றி, கடலிலிருந்து தள்ளியிருக்கும் மகள் வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையோரத்தில்தான் நிலத்தில் ஏறியது. வெள்ளம் புகுந்த வீடுகளில் காகிதம் மிஞ்சுவது அரிது. அலை மனையையே கொண்டுபோய்விட்டால், அங்கே ஒரு வீடு இருந்தது என்பதற்கும், அது யாருடையது என்பதற்கும் ஆவணத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. இழப்பீடோ, மாற்று மனையோ கேட்டு அலுவலகத்தின் முன் நிற்கும்போது அந்தச் சாட்சிதான் பேச வேண்டும்.

அந்தச் சாட்சி இப்போது காகிதத்திலிருந்து கணினிக்கு இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது. இது வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. புயலில் நனையாத ஆவணம் கரையோர மக்களுக்குப் பெரிய வரம். ஆனால், மின்னணுக் கையொப்பத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பூட்டெண்ணின் காரணிகளை ஒருவர் கண்டுபிடித்துவிட்டால், அவர் இடும் கையொப்பத்துக்கும் அதிகாரி இட்ட அசல் கையொப்பத்துக்கும் கணித அளவில் எந்த வேறுபாடும் இராது. அதில் எந்தத் தேதியை வேண்டுமானாலும் அவர் எழுதலாம். 2038இல் உருவாக்கும் போலி ஆவணத்துக்கு 2025இன் தேதியிட முடியும். காகிதப் பத்திரத்தில் மையின் வயது, முத்திரைத் தாளின் எண், கையெழுத்தின் சாயல் என்று ஆராய வழியுண்டு. இங்கே அவை எதுவும் இல்லை.

‘அசல் பதிவு அரசின் சர்வரில் இருக்கிறதே, அதோடு ஒப்பிட்டால் போதாதா?’ என்ற கேள்வி நியாயமானது. ஒப்பிட முடிந்தவரை போதும். ஆனால், சர்வருக்குள் ஒரு வரியைத் திருத்தும் அதிகாரியையும் தடுக்க வேண்டிய சாட்சி அந்தக் கையொப்பமே. பட்டா உரிமைக்கு இறுதிச் சான்றன்று என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கூறியிருந்தபோதிலும், ஏழை ஒருவர் காட்டக்கூடியது பெரும்பாலும் அது ஒன்றுதான். நிலத் தகராறுகள் நம் நீதிமன்றங்களில் இரண்டு தலைமுறை நீடிப்பது புதிதன்று. முப்பது ஆண்டு கழித்து நடக்கும் வழக்கில் இன்றைய கையொப்பம் நம்பப்பட வேண்டும்.

கனடாவின் கணிதவியலாளர் மிக்கேல் மோஸ்கா இதற்கு எளிய கணக்கு ஒன்றைத் தந்திருக்கிறார். ஒரு தகவல் காக்கப்பட வேண்டிய ஆண்டுகளையும், பூட்டுகளை மாற்றி முடிக்க ஆகும் ஆண்டுகளையும் கூட்ட வேண்டும். பூட்டை உடைக்கும் கணினி வர எஞ்சியிருக்கும் ஆண்டுகளைவிட அந்தக் கூட்டுத்தொகை பெரிதாக இருந்தால், நாம் ஏற்கெனவே தாமதித்துவிட்டோம். அந்தக் கணினி வர இன்னும் இருபது ஆண்டுகள் ஆகும் என்று தாராளமாகவே கொள்வோம். மாற்றுவதற்குப் பத்து ஆண்டுகள். மீன் விற்ற பணத்துக்குக் காப்புக் காலம் ஏறத்தாழ சுழியம், கூட்டுத்தொகை பத்து. நேரம் இருக்கிறது. விரல்ரேகைக்கும் மனைக்கும் காப்புக் காலம் நாற்பது ஆண்டுகள் என்றால் கூட்டுத்தொகை ஐம்பது. தாமதமாகிவிட்டது.

புதிய பூட்டின் எடை

அப்படியானால் உடனே புதிய பூட்டுக்கு மாறிவிடலாமா? அவசரத்திலும் ஆபத்து உண்டு. புதிய தரநிலைகளில் இரண்டு, புள்ளிக் கோலம்போல் ஒழுங்காக அடுக்கப்பட்ட, ஆனால் பல நூறு பரிமாணங்கள் கொண்ட புள்ளிகளிடையே மிகக் குறுகிய தொலைவைக் கண்டுபிடிக்கும் கடினத்தை நம்பியவை. அதற்கும் விரைவான வழி இல்லை என்று யாரும் நிறுவிவிடவில்லை. போட்டியில் நான்காம் சுற்றுவரை வந்த ‘சைக்’ என்ற முறையை 2022 ஜூலையில் பெல்ஜிய ஆய்வாளர்கள் இருவர் சாதாரணக் கணினியில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்துக் காட்டினர். எனவே, பழைய பூட்டையும் புதிய பூட்டையும் சில காலம் சேர்த்தே போடுவதுதான் விவேகம்.

எடையும் ஒரு சிக்கல். இன்றைய கையொப்பம் 256 பைட்டுகள். புதிய தரநிலைகளில் முதன்மையானதன் மிகச் சிறிய கையொப்பமே 2,420 பைட்டுகள். ஒரு கியூ.ஆர். குறியீட்டில் அதிகபட்சம் 2,953 பைட்டுகளே அடங்கும். பெயர், முகவரி, நிழற்படம் ஆகியவற்றோடு இந்தக் கையொப்பத்தையும் அட்டையின் மூலையில் இருக்கும் சதுரத்தில் திணிக்க இயலாது. அட்டையின் வடிவம், அதைப் படிக்கும் கருவி, நியாயவிலைக் கடையின் விற்பனைக் கருவி, கிராம நிர்வாக அலுவலரின் மடிக்கணினி என அனைத்தையும் இது பாதிக்கும். இதனால்தான் மாற்றத்துக்குப் பத்து ஆண்டுகள் ஆகும் என்கிறேன். கணிதம் தயார்; கருவிகளும் கொள்முதல் ஒப்பந்தங்களும் தயாராக இல்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, பட்டியல். ஒவ்வொரு துறையும் எந்தச் சேவையில் எந்தப் பூட்டைப் பயன்படுத்துகிறது, அது காக்கும் தகவல் எத்தனை ஆண்டு வாழ வேண்டும் என்பதைக் கணக்கெடுக்க வேண்டும். பிரிட்டன் 2028க்குள் முடிக்க எண்ணுவது இந்த வேலையைத்தான். தமிழ்நாட்டில் வருவாய்த் துறையும் பதிவுத் துறையும் இதில் முன்னோடியாகலாம்.

இரண்டாவது, கொள்முதல் விதி. இனி வாங்கும் விரல்ரேகைக் கருவி, விற்பனைக் கருவி, மென்பொருள் எதுவாயினும், உள்ளிருக்கும் கணித முறையைக் கருவியைத் தூக்கியெறியாமல் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் சேர வேண்டும். எஸ்தோனியாவைக் காப்பாற்றிய வசதி அது.

மூன்றாவது, ஏற்கெனவே கையொப்பமிட்ட ஆவணங்களைக் காப்பது. இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. எவ்வளவு பெரிய ஆவணத் தொகுப்பையும் 78 இலக்கங்களுக்குள் அடங்கும் ஒரே சுருக்க எண்ணாக மாற்றும் முறை நடைமுறையில் இருக்கிறது. ஒரு லட்சம் ஆவணங்களில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். ஷோர் காட்டிய வழி இதை உடைப்பதில்லை. மாநிலத்தின் நிலப் பதிவேடுகளுக்கு மாதந்தோறும் இத்தகைய சுருக்க எண்ணைக் கணக்கிட்டு, தமிழ்நாடு அரசிதழில் அச்சிட்டால் போதும். நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் தாளாகச் சேர்ந்துவிட்ட எண்ணை 2038இல் எந்தக் கணினியாலும் திருத்த முடியாது. இன்றைய தேதியில் இருந்த ஆவணம் எது, பின்னர் புனையப்பட்டது எது என்பதை அந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காவது, ஆள்பலம். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2030-31 வரை ரூ.6,003.65 கோடி ஒதுக்கப்பட்டுள்ளது. அதன் நான்கு மையங்களில் குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைகிறது. கணித அறிவியல் நிறுவனம், சென்னைக் கணிதவியல் கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இராமானுஜன் நிறுவனம் ஆகியவையும் இங்கேயே உள்ளன. எண்ணியலில் இம்மாநிலத்தின் மரபு இராமானுஜனோடு முடிந்துவிடவில்லை. வாரிங் சிக்கலில் பெரும்பகுதிக்குத் தீர்வு கண்ட எஸ்.எஸ். பிள்ளை, 1930களில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டே அதைச் செய்தார். பொம்மையார்பாளையமும் சிதம்பரமும் அன்று தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டத்துக்குள் இருந்தன. இத்தனை இருந்தும், அரசுத் துறைகளில் பூட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எண்ணியல் படித்தவர் ஒருவர் அமர்ந்திருப்பது அரிதாகவே இருக்கிறது. ஒவ்வொரு பெரிய துறையிலும் அத்தகைய ஓர் ஆலோசகர் இருப்பது ஆடம்பரமன்று.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுகளைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யும் பொறுப்பைத் தரவைக் கையாள்பவர்மீது சுமத்துகிறது. குடிமக்களின் தரவை மிக அதிகமாகக் கையாள்வது அரசே. 2035இல் அனுமதிக்கப்படாது என்று பிற நாடுகள் சொல்லிவிட்ட பூட்டைக் கொண்டு, 2065வரை காக்க வேண்டிய தகவலை இன்று பூட்டுவது நியாயமான ஏற்பாடாகுமா என்ற கேள்விக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். எந்தத் துறை, எந்த ஆண்டுக்குள் என்ற கால அட்டவணையாக அந்தப் பதில் அமைய வேண்டும். அந்த அட்டவணையின் முதல் வரியில், கடலோர ஊர் ஒன்றின் மனைப் பட்டா இடம்பெற வேண்டும். வங்கியின் பெயர் அதற்குக் கீழே வரலாம்.